நிறம் தெரியாதவர்கள் யார்?

சேலத்தில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில் விமர்சக நண்பர் ஒருவர் கவிதையில் நிறம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். அவர் எப்போதும் நன்றாகவே பேசுவார், அதுதான் தொல்லை. அவர் சொன்னதன் சாரம் இது. கவிஞனின் கண் ஒரு காமிரா. லென்ஸ் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்குப் படிமம் துல்லியம். துல்லியத்துக்கு முதல் சோதனை நிறம். நிறத்தைச் சரியாகச் சொல்லாதவன் பார்க்கவில்லை. பார்க்காதவன் எழுத வேண்டாம். இத்தோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான பேச்சு என்று விட்டிருக்கலாம். அங்கிருந்து அவர் கிராமத்துக்குப் போனார். தன் பாட்டி கருநீலச் சேலையையும் கரும்பச்சைச் சேலையையும் ‘கறுப்புச் சேலை’ என்றுதான் சொல்வாளாம். சொல் இல்லாத இடத்தில் பார்வையும் இல்லையாம். நம் ஜனங்களுக்கு நிற உணர்வு இன்னும் முதிரவில்லை, அதை முதிர வைப்பது கவிஞனின் பொறுப்பு என்று முடித்தார். முப்பது பேர் இருந்தோம். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

டீ குடிக்கும்போது என்னிடம் வந்து, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பேசும்போது உங்கள் தொகுப்பும் மனதில் இருந்தது என்றார். தொகுப்பு முழுவதிலும் நான்கே இடங்களில்தான் நிறப்பெயர் வருகிறதாம். எண்ணியிருக்கிறார். எண்ணுகிற விமர்சகர் கிடைப்பது அபூர்வம் என்பதால் நன்றி சொன்னேன். ஒரு தகவலை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விவாதம் அனுதாபத்தில் போய் முடிந்திருக்கும். எனக்குச் சிவப்பு பச்சை நிறக்குருடு. அதோடு நான் சாயப்பட்டறைக்காரன் மகன்.

எங்கள் பட்டறை அம்மாபேட்டைப் பக்கம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, உலர்ந்த நூல் சிட்டங்களைப் பிரித்து அடுக்கச் சொன்னார் அப்பா. அரக்கு ஒரு பக்கம், பாசிப்பச்சை ஒரு பக்கம். அடுக்கினேன். வந்து பார்த்தவர் நான் விளையாடுவதாக நினைத்து ஓர் அறை விட்டார். மறுபடி அடுக்கினேன், மறுபடியும் கலந்திருந்தது. இந்தத் தடவை அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே பார்த்து அம்மாவிடம், “உன்ற தம்பி கண்ணுதான் இவனுக்கும் வந்திருக்குது” என்றார். மாமா கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் பட்டறையில் இரண்டு மாதம் வேலை பார்த்து, இதே காரணத்தால் அனுப்பப்பட்டவர். பிறகு நாமக்கல் போய் லாரிக்காரர் ஆனார்.

அப்பாவின் நோய்நாடல் சரியானது. சிவப்பு ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் அதிகம் அசைகிற நிறமிகளின் ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஜெரமி நேதன்ஸும் கூட்டாளிகளும் அவற்றைப் பிரித்தெடுத்துப் படித்தது 1986ல். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது அம்மாவிடமிருந்து வருகிறது. எனவே இந்தக் கண் அப்பனிடமிருந்து மகனுக்கு வராது, தாய்வழியில்தான் இறங்கும். ‘தாய்மாமன் கண்’ என்பது வெறும் வழக்கு அல்ல. அக்காள் மகளைக் கட்டுகிற நம் பக்கத்து வழக்கத்தில் பெண்களுக்கும் இது வர வாய்ப்புக் கொஞ்சம் கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி நண்பரின் காமிராவுக்கு வருவோம்.

கண்ணின் பின்சுவரில் பகல் வெளிச்சத்துக்கு என்று கூம்பு வடிவ செல்கள் இருக்கின்றன. மூன்று வகை. ஒன்று 420 நானோமீட்டர் பக்கத்து ஒளியை அதிகம் பிடிக்கும், ஒன்று 530, ஒன்று 560. மூன்று வகை இருக்க வேண்டும் என்று தாமஸ் யங் 1801லேயே ஊகித்தார். தனித்தனிக் கூம்புகளில் அதை அளந்து பார்க்க 1964 வரை ஆயிற்று. இதை எல்லாரும் படித்திருப்போம். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத விஷயம் வேறு. ஒரு கூம்பு தான் பிடித்த ஒளியின் அளவை மட்டும்தான் சொல்லும். எந்த ஒளி என்று சொல்லாது. தனக்குப் பிடித்த ஒளி மங்கலாக வந்தாலும், பிடிக்காத ஒளி பலமாக வந்தாலும் அதற்கு ஒன்றே. ஒரு தராசு, தட்டில் இருப்பது அரிசியா கல்லா என்று சொல்லாத மாதிரி. ஆகவே என் கண்ணில் மட்டுமல்ல, விமர்சக நண்பர் கண்ணிலும் ஒவ்வொரு கூம்பும் தனித்தனியாக நிறக்குருடுதான். பக்கத்துக் கூம்பு சொன்ன கணக்கோடு இந்தக் கூம்பு சொன்ன கணக்கைக் கழித்துப் பார்க்கிற நரம்புகள் பின்னால் இருக்கின்றன. அந்தக் கழித்தலில்தான் நிறம் பிறக்கிறது. எனக்குக் கழிக்க ஓர் எண் குறைவு. அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம். பொருளின் மேல் ஒட்டியிருந்த நிறத்தை அவர் கண் எடுத்து வருகிறது, என் கண் தவறவிடுகிறது என்பதெல்லாம் கதை.

கண் காமிரா இல்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால், காமிரா செய்தவரையே கூப்பிடலாம். போலராய்டு காமிராவைச் செய்த எட்வின் லேண்ட் 1950களிலிருந்து இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். பல நிறத் தாள்களைச் சதுரமும் செவ்வகமுமாக ஒட்டிய ஒரு பலகை. மூன்று விளக்குகள். விளக்குகளின் பலத்தைத் திருகித் திருகி, பச்சைத் தாளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, சற்றுமுன் சிவப்புத் தாளிலிருந்து வந்த ஒளியின் அளவுகளுக்கு அச்சாக ஒத்திருக்கும்படி செய்தார். கருவிக்கு இரண்டும் ஒன்று. பார்ப்பவனுக்குப் பச்சை பச்சையாகவே இருந்தது. சுற்றியுள்ள மற்றத் தாள்களை மறைத்துவிட்டால்தான் அது மாறியது. அதாவது கண், ஒரு தாளைப் பார்ப்பதற்கு முழுப் பலகையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விளக்கு மாறியதைத் தள்ளிவிட்டு, தாள் மாறவில்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. வாசல் வெயிலில் பார்த்த மஞ்சள் பூசணிப்பூவை மாலையில் விளக்கடியில் பார்த்தாலும் மஞ்சள் என்கிறோமே, அதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். காமிரா இதைச் செய்யாது. செய்ய வைக்க அதற்குள் கண்ணின் கணக்கைத் திருட்டுத்தனமாகப் புகுத்த வேண்டியிருக்கிறது. இன்றைய கைபேசிக் காமிராக்கள் புகுத்துகின்றன.

இதெல்லாம் அமெரிக்கா என்பார் நண்பர். சரி, அம்மாபேட்டைக்கு வருவோம்.

ஒரு ஜவுளி முதலாளி, பட்டறையிலிருந்து வாங்கிப்போன மிளகாய்ப்பழச் சிவப்பு நூலில் சேலை நெய்துவிட்டு, சேலையோடு வந்து நின்றார். சாம்பிளுக்குக் கொடுத்த சிவப்பு இது இல்லை, மங்கிக் கிடக்கிறது, பணம் தரமாட்டேன். பெரிய சத்தம். அப்பா சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, “பக்கத்துல என்ன கலருங்க முதலாளி விட்டிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். கரை ஆரஞ்சு. ஒரு அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றைச் சேலைச் சிவப்பின் மேலும் ஒன்றைச் சாம்பிள் சிட்டத்தின் மேலும் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னார். கரை மறைந்ததும் இரண்டு சிவப்பும் ஒன்றாகிவிட்டன. முதலாளி அட்டையைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார். அடுத்த பாவில் கரையைப் பச்சையாகப் போடச் சொன்னார் அப்பா. சிவப்புத் தூக்கி அடிக்கும். எனக்கு அந்த இரண்டு சிவப்பும் அட்டை இல்லாமலேகூட ஒன்றுதான் என்பது வேறு விஷயம். நிறம் தெரிந்த ஒரு மனிதர் நிறத்துக்காகச் சண்டை போட்டுத் தோற்றதை, நிறம் தெரியாத நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து ஷெவ்ரால் என்கிற பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் படித்தேன். ரசாயனி. 1824ல் பாரிஸ் கோபலின் நெசவாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக வந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று நெசவாளர்களிடமிருந்து புகார். சாயத்தைச் சோதித்தால் குறையே இல்லை. குறை, கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் ஓடிய நீலத்திலும் ஊதாவிலும் இருந்தது. 1839ல் அவர் வெளியிட்ட தடித்த புத்தகம் பிற்பாடு ஐரோப்பிய ஓவியர்கள் பலருக்குப் பாடமாயிற்று. நம் பட்டறைகளில் இதே விஷயம் புத்தகமில்லாமல் புழங்கிக்கொண்டிருக்கிறது. புத்தகமில்லாததால் அது அறிவில் சேர்த்தி இல்லை போலும்.

நண்பர் தம் பேச்சில் மிகவும் சிலாகித்தது ‘தூய வெண்மை’. நிறங்களில் நேர்மையானது வெள்ளை என்றார். சேலத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். சேலம் வெண்பட்டு வேட்டியின் ஊர். பட்டு பசையோடு வரும்போது வெள்ளை இல்லை. பசை நீக்கி வெளுக்க வேண்டும். பருத்தியை வெளுத்த பின்னும் அதில் ஒரு மஞ்சள் சாயல் மிச்சமிருக்கும். அதற்கு நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? நீலம் போடுகிறார்கள். மஞ்சளை நீலம் அமுக்க, துணியிலிருந்து வருகிற மொத்த ஒளி உண்மையில் குறைகிறது. கண்ணோ, முன்னைவிட வெளுப்பு என்கிறது. இப்போதைய சலவைத் தூள்களில், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிற பொருள்களும் இருக்கின்றன. தூய வெண்மை என்பது சொட்டு நீலத்தின் தயவு.

ஜவ்வரிசிக் கதை இன்னும் மோசம். மரவள்ளிக் கிழங்கின் மாவு இயல்பாக வெள்ளைதான். ஆனால் சந்தை கேட்கிற வெள்ளை அது அல்ல. பால் வெள்ளையாகப் பளீரென்று இருந்தால்தான் விலை என்றானதும், சேலம் நாமக்கல் பக்கத்து ஆலைகள் சிலவற்றில் வெளுக்கும் ரசாயனங்கள் மாவுக்குள் போயின. உணவுத்துறையார் ஆலைகளில் ஏறிச் சோதனை போட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்த செய்திகள் வருஷந்தோறும் வந்திருக்கின்றன. நாமக்கல் முட்டையைச் சொல்லவே வேண்டாம். மஞ்சள்கரு அடர்ந்திருந்தால் சத்து என்று கண் நம்புகிறது. கோழி அந்த நிறத்தைத் தானே செய்வதில்லை. தீவனத்து மக்காச்சோளமும், வேண்டுமானால் செண்டுமல்லிச் சாறும் கொடுப்பது அது. எவ்வளவு மஞ்சள் வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க விசிறி மாதிரி விரியும் வண்ண அட்டையே உலகச் சந்தையில் இருக்கிறது. இத்தனைக்கும் அந்தக் கோழியின் கண்ணில் நம்மைவிட ஒரு வகைக் கூம்பு கூடுதல்; புற ஊதாப் பக்கத்தை அது ஓரளவு பார்க்கும். நிறத்தைத் துல்லியமாகப் பார்ப்பதுதான் கவிதைக்குத் தகுதி என்றால், விருதுகளை நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு அனுப்பிவிடலாம்.

இப்போது பாட்டியின் கறுப்புச் சேலை. நண்பர் பேச்சில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். என் தொகுப்பைச் சொன்னதற்காக அல்ல.

சொல் இல்லையென்றால் பார்வை இல்லை என்பது நண்பரின் சொந்தச் சரக்கு அல்ல. பின்னால் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டன் 1858ல் ஹோமரைப் பற்றி எழுதியபோது, நீலத்துக்கு ஒழுங்கான சொல் இல்லையே, கடலுக்கு மதுவின் நிறத்தைச் சொல்கிறாரே என்று பார்த்து, பழங்கிரேக்கர்களின் நிற உணர்வு முதிரவில்லை என்று முடிவு கட்டினார். அந்த ஊகம் பிறகு ‘இயற்கை மக்கள்’ என்று அவர்கள் அழைத்தவர்கள் பக்கம் திரும்பிற்று. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1898ல் டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குப் போய்ச் சோதித்தார். 1901-02ல் நம் நீலகிரிக்கே வந்து தோடர்களைச் சோதித்தார். அவர் கையாண்டவற்றில் ஒன்று வண்ணக் கம்பளி நூல் சோதனை. 1875ல் சுவீடனில் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதியபின், ரயில்வேக்காரர்களின் கண்ணைச் சோதிக்க ஹோம்கிரென் என்ற உடலியங்கியலார் பரப்பிய முறை அது. ஒரு நூல்கண்டைக் கொடுத்து, இதைப் போல் உள்ளவற்றை எடு என்பார்கள். என் அப்பா என்னிடம் நடத்திய சோதனை அதேதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ரிவர்ஸ் கவனமான மனிதர். நூல்கண்டைப் பொறுக்குவது வேறு, நிறத்துக்குப் பெயர் சொல்வது வேறு என்று அவருக்குத் தெரியும். தோடர் ஆண்களிடம் பிறவி நிறக்குருடு மிகுதியாக இருப்பதைக் கண்டார். எண்ணூறு பேர் அளவிலான, தமக்குள்ளேயே மணந்துகொள்ளும் சிறு சமூகத்தில் அது ஜீன் விஷயம். நானும் என் மாமாவும் எந்தக் கணக்கில் வருகிறோமோ அதே கணக்கு. ஆனால் சிவப்புக்குப் பெயர் திட்டமாக இருக்கிறது, நீலத்துக்கும் பச்சைக்கும் குழப்பம் என்பதையும் அவர் புலன் பக்கமே இழுக்கப் பார்த்தார். டாரஸ் முடிவுகளை டிட்ச்னர் என்ற உளவியலார் 1916ல் கேள்வி கேட்டார். சோதனை நடந்த இடத்தில் வெளிச்சம் எப்படி? அதே மங்கல் வெளிச்சத்தில் உங்கள் பல்கலைக்கழக மாணவர்களை நிறுத்தினால் அவர்கள் எப்படிச் செய்வார்கள்? சரியான கேள்வி. எந்தச் சாயக்காரனும் முதலில் இதைத்தான் கேட்பான். டியூப் லைட்டில் பொருந்துகிற இரண்டு சிட்டம் வெயிலில் பிரிந்துபோகும் என்பதால் அப்பா இருட்டியபின் சிட்டத்தைக் கையில் எடுக்கவே மாட்டார்.

சொல்லுக்கு வேறு வேலைகள் உண்டு. 1955ல் ஹெரால்ட் காங்க்லின் பிலிப்பைன்ஸின் ஹனுனோ மக்களின் நிறச் சொற்களைப் பற்றி எழுதினார். நான்கே சொற்கள். அவை வெளிறியது, இருண்டது, காய்ந்தது, ஈரமும் பசுமையும் உள்ளது என்று பிரிந்து கிடந்தன. அப்போதுதான் வெட்டிய மூங்கில் பழுப்பாய்ப் பளபளத்தாலும் ‘பச்சை’ச் சொல்லுக்குள் வந்துவிடும். நமக்கு இது ஆச்சரியமாக இருக்க நியாயமில்லை. பச்சைத் தண்ணீர் என்ன நிறம்? பச்சைக் குழந்தை? பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு? பச்சை விறகு பழுப்பாகத்தான் இருக்கிறது. தமிழில் பச்சை, அலைநீளத்தின் பெயராவதற்கு முன்னால் உலராமையின் பெயர், வேகாமையின் பெயர். பாட்டிக்கு அந்தச் சேலையில் வேண்டிய சேதி, அழுக்குத் தாங்குமா, சாவு வீட்டுக்குக் கட்டிப் போகலாமா என்பது. கறுப்பு என்ற சொல் அதைச் சொல்லிவிடுகிறது. அவளிடம் அந்த இரண்டு சேலையையும் கொடுத்து, ‘இதற்கு எந்த ரவிக்கை?’ என்று நண்பர் என்றாவது கேட்டுப் பார்த்தாரா?

சந்தைக்குப் போனால் கணக்கு தலைகீழ். மாட்டுக்காரன் காரி, மயிலை, செவலை, பிள்ளை என்பான். சேவல்காரன் காகம், கீரி, மயில், வல்லூறு என்பான். இவை தோகையின் நிறமும், புள்ளியும், வரியும், பளபளப்பும் சேர்ந்த பெயர்கள். ஜவுளிக்கடையில் மாந்துளிர், வாடாமல்லி, வெங்காயச் சருகு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ. மயில்கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்; மடிப்பு அசைய அசைய ஒன்று மேலே வரும். அது ஒரு நிறத்தின் பெயரே அல்ல, இரண்டு நிறம் ஒன்றையொன்று தாண்டுவதன் பெயர். 1969ல் பெர்லினும் கேயும் உலக மொழிகளின் அடிப்படை நிறச் சொற்களைப் பதினொன்றாக வகுத்தார்கள். அந்தப் பதினொரு டப்பாவில் மயில்கழுத்துக்கு இடமில்லை. டப்பா அவர்களுடைய ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது, வைத்துக்கொள்ளட்டும். நம் விமர்சகர்கள் அதைக் கவிதைக்கு அளவுப்படியாக்க வேண்டியதில்லை.

பார்ப்பது என்றாலே நிறம் என்று எப்படி ஆயிற்று என்பதும் எனக்கு விளங்கவில்லை. ஹ்யூபலும் வீஸலும் 1958ல் மயக்கமூட்டிய பூனையின் மூளைச் செல் ஒன்றில் நுண்ணிய மின்முனையை வைத்துக்கொண்டு, கண்ணாடிச் சில்லில் கறுப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியுமாகக் காட்டிக் காட்டிச் சலித்துப்போனார்கள். செல் பேசவில்லை. சில்லைச் செருகும்போது அதன் விளிம்பின் நிழல், மெல்லிய சாய்கோடாகத் திரையில் நகர்ந்தது; செல் படபடவென்று வெடித்தது. புள்ளியைத் தேடியவர்களுக்குக் கோடு கிடைத்தது. இன்ன சாய்வில் உள்ள விளிம்புக்கு மட்டும் பேசுகிற செல்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன என்று கண்டார்கள். 1981ல் நோபல் பரிசு. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1988ல் எழுதிய கட்டுரை நிழலைப் பற்றியது. மேல்பாதி வெளிறி, கீழ்ப்பாதி இருண்ட வட்டம் புடைத்துத் தெரியும். அதையே தலைகீழாக்கினால் குழிந்து தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான், ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று கண் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. விளிம்பு, சாய்வு, நிழல், அசைவு எல்லாம் போட்டு உலகம் கட்டப்படுகிறது. அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரு ஜன்னல் இல்லை. வீடே இல்லை என்கிறார் நண்பர்.

ஜன்னல் இல்லாததில் லாபமும் உண்டு. பட்டறையில் பயன்படாத என்னை அப்பா, தறிகாரர்களிடமிருந்து திரும்பி வந்த துணியை மடித்துப் பார்க்கும் வேலைக்கு விட்டார். கட்டம் போட்ட லுங்கித் துணியில் ஓர் இழை தவறியிருந்தால், மற்றவர்கள் நிறங்களில் மாட்டிக்கொண்டு தேடுவார்கள். எனக்கு அது பளிச்சென்று பல் விழுந்த வாய் போல் தெரியும். இது என் தற்பெருமை என்று வைத்துக்கொண்டிருந்தேன். 1992ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. மேற்பரப்பின் இழையமைப்பு மாறும் இடத்தை, சிவப்பு பச்சைச் சிதறலைப் போட்டு மறைத்தால் சாதாரணக் கண் ஏமாந்துவிடுகிறது, நிறக்குருடரின் கண் ஏமாறவில்லை.

மாமா முப்பது வருஷத்துக்குமேல் லாரி ஓட்டினார். நாமக்கல்லிலிருந்து வடக்கே நாக்பூர், கல்கத்தா. லைசென்ஸ் விண்ணப்பத்தில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியுமா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று எழுதச் சொன்னார். பொய் இல்லை. மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை; பிரித்தறிகிறாரே. மற்றவர்கள் ‘சிவப்பு’ என்று வேறெதையோ சொல்கிறார்கள் என்பது அவருக்குப் பட்டறையில் மட்டும்தான் தெரிய வந்தது. ரோட்டில் தெரியவில்லை. அவர் மகனுக்குத் தெரிந்தது. ஒரு மருத்துவப் பரிசோதனையில், 1917ல் இஷிஹாரா செய்த அந்தப் புள்ளி வட்டப் படங்களைக் காட்டினார்கள், எண் தெரியவில்லை, உறுதியாகியிருந்த வேலை போயிற்று. அந்த வேலைக்கு நிறம் தேவையா என்று யாரும் சொல்லவில்லை. லேசான, நடுத்தரமான நிறக்குருடு உள்ளவர்களும் வண்டி ஓட்டலாம் என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது 2020ல். மாமா அப்போது லாரியை விட்டு எத்தனையோ வருஷம்.

ஆகவே, யாருக்கு என்ன தெரியாது என்று தீர்ப்புச் சொல்கிற நாற்காலி மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். ஜான் டால்டன் தன் நிறக்குருட்டைப் பற்றி 1794லேயே உரை படித்தவர். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பி, செத்தபின் அறுத்துப் பார்க்கச் சொன்னார். 1844ல் அறுத்தார்கள், நீர் தெளிவாக இருந்தது. சி. வி. ராமன் கடைசிக் காலத்தில் ‘தி ஃபிஸியாலஜி ஆஃப் விஷன்’ என்று 1968ல் ஒரு நூல் வெளியிட்டார். பூக்களையும் பட்டுத் துணிகளையும் வைத்துக்கொண்டு தன் கண்ணாலேயே நிறத்தை ஆராய்ந்த புத்தகம். மூன்று வகைக் கூம்பு என்பதை அவர் ஏற்கவில்லை. அதற்கு நான்கு வருஷம் முன்பே கூம்புகளை அளந்துவிட்டிருந்தார்கள். கடலின் நீலத்தைக் கண்டு கேள்வி கேட்டு உலகத்தைத் திருப்பியவர் அவர். அந்தக் கண்ணுக்கும், ‘நான் பார்க்கிறேன், ஆகவே அப்படித்தான்’ என்பது போதவில்லை.

படிமம் நமக்கு வந்த வழி தெரிந்ததுதான். 1913 வாக்கில் பவுண்டும் கூட்டாளிகளும் சொன்னது, 1959ல் தொடங்கிய ‘எழுத்து’ வழியாகவும், 1968ல் இதே சேலத்திலிருந்து வந்த ‘நடை’ வழியாகவும் நமக்குள் இறங்கியது. அன்று அது தேவைப்பட்டது. செய்யுள் மூட்டையைத் தூக்கிப் போட ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது. கைப்பிடியை இன்னும் பிடித்துக்கொண்டு, அதில் எத்தனை நிறம் பூசியிருக்கிறது என்று எண்ணுவது விமர்சனமா? அந்தி வந்தால் சிவப்பு, வயல் வந்தால் பச்சை, துக்கம் வந்தால் நீலம் என்று எழுதுகிறவன் எதையும் பார்க்கவில்லை; மற்றவர்கள் கவிதையில் படித்ததை எழுதுகிறான். அவனுக்கு நண்பரின் கணக்கில் நூற்றுக்கு நூறு விழும். நிறப்பெயர் ஒன்று கவிதையில் வந்தால், அதன் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்க வேண்டும். அப்பா கேட்ட கேள்விதான். ஆரஞ்சுக் கரையைப் போட்டுவிட்டுச் சிவப்பு மங்குகிறது என்று சொல்லை வைகிற கவிஞர்கள் நம்மிடம் நிறைய.

என் தொகுப்பின் நான்கு நிறப்பெயர்களில் மூன்று, பிறர் சொன்னதைக் கேட்டு எழுதியவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாலாவது மஞ்சள். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

பட்டறையைத் தம்பி நடத்துகிறான். அவனுக்கு அந்தக் கண் வரவில்லை. நண்பர் ஒருநாள் வந்து, கலைத்துப் போட்ட சிட்டங்களை என்னோடு உட்கார்ந்து அடுக்கிப் பார்க்கலாம். இருவர் அடுக்கையும் தம்பி திருத்துவான். பத்து மணிக்கு மேல் வரட்டும். அதற்கு முன்னால் தாழ்வாரத்தில் வெளிச்சம் போதாது.